கார்த்தஹேனாவில் ஒன்பது மணி நேரம்: கோட்டையா, பழைய நகரமா?

ஜனவரி மாதத்தில் உங்கள் கப்பல் கொலம்பியாவின் கார்த்தஹேனா துறைமுகத்தில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை நிற்கும் என்றும், 68 வயதான உங்கள் தாயார் உடன் வருகிறார் என்றும், அவருக்கு முழங்கால் வலி உண்டு, சைவ உணவு மட்டுமே உண்பார் என்றும் சொல்லி, இந்த ஒன்பது மணி நேரத்தில் சான் ஃபெலிப்பே கோட்டையைப் பார்ப்பதா, மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்தைப் பார்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில், படங்களில் வண்ணம் பூசிய வீடுகளும் பூக்கொடி தொங்கும் பால்கனிகளும்தான் தெரிகின்றன, அதற்கு மேல் அங்கே ஏதாவது இருக்கிறதா என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு விடை தெரிந்துவிட்டால், கோட்டையா நகரமா என்பதை நீங்களே எளிதாகத் தீர்மானித்துவிடலாம்.

சுண்ணாம்பும் கல்லும் கொண்டு கட்டிய பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடலோரக் கோட்டைகளிலும் தேவாலயங்களிலும் வேலை செய்து வருகிறேன். கார்த்தஹேனாவுக்கு இருமுறை சென்றிருக்கிறேன். முதல்முறை மதில்களைப் பார்ப்பதற்காகவே பத்து நாள் தங்கினேன், இரண்டாம் முறை உங்களைப் போலவே கப்பலில் வந்து ஒரே நாளில் திரும்பினேன். ஆகவே கல், சாந்து, மதில் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். வரலாற்றில் ஆவணங்களால் உறுதியானதையும் வழிகாட்டிகள் வாய்வழியாகச் சொல்லி வருவதையும் பிரித்தே எழுதுகிறேன். விசா, நுழைவுக் கட்டணம் ஆகியவை அடிக்கடி மாறுபவை. அவற்றைக் கப்பல் நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி.

பேத்ரோ தெ எரெதியா என்ற ஸ்பானியர் 1533-ஆம் ஆண்டு இந்த நகரை நிறுவினார். அதற்கு முன் அங்கே கலமாரி என்ற பழங்குடிக் குடியிருப்பு இருந்தது. வளமான வயலோ நல்ல தண்ணீரோ பார்த்து இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. புயலுக்கும் பகைவருக்கும் ஒதுங்கிக் கப்பல்கள் நிற்கத்தக்க ஆழமான விரிகுடா ஒன்று இங்கே இருந்ததுதான் காரணம். தென் அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளியை ஸ்பெயினுக்கு ஏற்றிச் செல்லும் கப்பற்படை முதலில் கார்த்தஹேனாவுக்கு வரும், பனாமா கரையிலுள்ள போர்த்தோபெல்லோவுக்குச் சென்று வெள்ளியை ஏற்றிக்கொண்டு மீண்டும் இங்கேயே திரும்பும், பிறகு ஹவானா வழியாகத் தாய்நாட்டுக்குப் புறப்படும். செல்வம் தங்குகிற இடத்துக்குக் கொள்ளையரும் வருவார்கள் அல்லவா? 1586-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் டிரேக் நகரைப் பிடித்து, 1,07,000 டுகாட் (அக்காலப் பொன் நாணயம்) பணயத்தொகை வாங்கிக்கொண்டுதான் வெளியேறினார். அந்த அவமானத்துக்குப் பிறகே இத்தாலியப் பொறியாளர் பௌதிஸ்தா அந்தோனெல்லியை அனுப்பி, ஸ்பானிய அரசு இங்கே கல்மதில்களுக்குத் திட்டம் வகுத்தது. அப்போது தொடங்கிய வேலை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் நடந்தது. நீங்கள் படங்களில் பார்க்கும் பால்கனி வீடுகள் எல்லாம், இந்தத் துறைமுகத்தையும் அதன் வெள்ளியையும் காக்கக் கட்டிய ஒரு பெரும் ஏற்பாட்டின் உள்ளே அமைந்தவை. அந்த ஏற்பாட்டை முதலில் பார்த்துவிட்டு வீடுகளைப் பார்த்தால் நகரமே வேறாகத் தெரியும்.

ஆகவே என் முதல் பரிந்துரை, கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்பே தொடங்குகிறது. அன்று காலை 6 மணிக்கெல்லாம் தாயாரை அழைத்துக்கொண்டு மேல்தளத்துக்குச் சென்றுவிடுங்கள். கார்த்தஹேனா விரிகுடாவுக்கு இரண்டு வாயில்கள். நகரை ஒட்டியிருக்கும் அகன்ற வாயிலின் பெயர் போக்காகிராந்தே, அதாவது பெரிய வாய். தெற்கே இருக்கும் குறுகிய வாயில் போக்காச்சிகா, சின்ன வாய். அகன்ற வாயில் நகருக்கு மிக அருகில் இருக்க, கப்பல்கள் ஏன் தெற்கே சுற்றிக்கொண்டு குறுகிய வாயிலில் நுழைகின்றன என்ற கேள்வி யாருக்கும் எழும். அந்தோனியோ தெ அரேவாலோ என்ற ஸ்பானிய இராணுவப் பொறியாளர், 1770-களில் பெரிய வாயிலின் குறுக்கே நீருக்கடியில் ஒரு கல்லணையைக் கட்டி அதை மூடிவிட்டார். அணை மேலே தெரியாது. ஆனால் ஆழமாக மிதக்கும் எந்தக் கப்பலும் அதைத் தாண்ட முடியாது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆகியும் அந்த அணை அங்கேயே இருக்கிறது, உங்கள் கப்பலும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் போக்காச்சிகாவுக்குத் திரும்பும். என் தொழிலில் இருப்பவன் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய காட்சி அந்த நகரில் இல்லை.

போக்காச்சிகாவில் நுழையும்போது இடப்பக்கம் தியெர்ராபோம்பா தீவின் முனையில் சான் ஃபெர்னாந்தோ கோட்டை தெரியும், வலப்பக்கம் நீர்மட்டத்தை ஒட்டியே சான் ஹோசே பீரங்கித்தளம் தெரியும். சான் ஹோசேயின் பீரங்கித் துளைகளைக் கூர்ந்து பாருங்கள். அவை கடல்மட்டத்துக்குச் சற்று மேலே மட்டுமே இருக்கும். மேட்டில் இருந்து சுட்டால் குண்டு கப்பலின் தளத்தில் விழும், பாய்மரத்தை முறிக்கும். நீர்மட்டத்திலிருந்து சுட்டால் கப்பலின் உடலிலேயே, தண்ணீர் புகும் இடத்திலேயே துளை விழும். வாயில் மிகக் குறுகியதாகையால் குறி தவறவும் வாய்ப்புக் குறைவு. மேல்தளத்தில் நிற்கும் நீங்கள் அந்த இரண்டு தளங்களுக்கும் நடுவே கடந்து செல்லும் சில நிமிடங்களில், அந்தக் காலத்து மாலுமி ஒருவன் எப்படி உணர்ந்திருப்பான் என்பது யாரும் விளக்காமலேயே புரிந்துவிடும். பெரும்பாலான பயணிகள் அந்த நேரத்தில் காலை உணவுக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இந்தக் காட்சிக்குக் கட்டணமும் இல்லை, படியேறும் வேலையும் இல்லை.

அடுத்ததாகக் கோட்டை. சான் ஃபெலிப்பே தெ பராஹாஸ் கோட்டை, மதிலுக்கு வெளியே சான் லாசரோ என்ற சுமார் 40 மீட்டர் உயரக் குன்றின்மேல் இருக்கிறது. அந்தக் குன்றைப் பகைவர் பிடித்து அங்கே பீரங்கியை ஏற்றிவிட்டால் நகரம் தாங்காது என்பதால் 1650-களில் உச்சியில் ஒரு சிறு கோட்டையைக் கட்டினார்கள். 1697-இல் பிரெஞ்சுப் படை அதையும் நகரையும் பிடித்துச் சூறையாடியது. 1741-இல் நடந்த முற்றுகைதான் எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் கதை. ஆங்கிலத் தளபதி எட்வர்ட் வெர்னான், போர்க்கப்பல்களும் சரக்குக் கப்பல்களுமாக 180-க்கு மேற்பட்ட கலங்களோடும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களோடும் வந்தார். எதிர்த்து நின்றவர்கள் 3,000 முதல் 4,000 பேர். அவர்களின் கடற்படைத் தளபதி பிளாஸ் தெ லெசோ, முந்தைய போர்களில் இடது காலையும் ஒரு கண்ணையும் இழந்து, வலது கையும் செயலற்றுப் போனவர். போக்காச்சிகா வீழ்ந்தது, விரிகுடா வீழ்ந்தது, ஆனால் ஏப்ரல் 20-ஆம் நாள் சான் லாசரோ குன்றின்மேல் ஏறிய தாக்குதல் பெருஞ்சேதத்தோடு முறியடிக்கப்பட்டது. மே மாதத்தில் ஆங்கிலேயர் திரும்பிச் சென்றனர். லெசோ அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார்.

இதில் உறுதியானது எது, ஐயத்துக்கு உரியது எது என்று சொல்லிவிடுகிறேன். வெற்றி உறுதி என்று நம்பி இங்கிலாந்தில் முன்கூட்டியே நினைவுப் பதக்கங்கள் அடித்தார்கள் என்பது உண்மை. வெர்னானுக்கு முன் லெசோ மண்டியிடுவதுபோல் அமைந்த அந்தப் பதக்கங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆங்கிலேயர் கொண்டுவந்த ஏணிகள் உயரம் போதாமல் போயின என்பதும் அவர்கள் தரப்பிலேயே பதிவானது. லெசோ இரவோடு இரவாக அகழியை ஆழப்படுத்தியதால்தான் ஏணி எட்டவில்லை என்பது பின்னாளில் வளர்ந்த கதையின் சாயலைக் கொண்டது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குண்டுக்கு இறந்தவர்களைவிட மஞ்சள் காய்ச்சல் முதலிய நோய்களுக்கு இறந்தவர்கள் பல மடங்கு என்பதில் ஐயமே இல்லை. வழிகாட்டி சொல்லாமல் விடக்கூடிய இன்னொன்று இருக்கிறது. குன்றின் பக்கங்களை முழுதும் போர்த்திக்கொண்டு சரிந்து இறங்கும் அந்தப் பிரம்மாண்டமான கற்சரிவுகளில் பெரும்பகுதி 1741-இல் கிடையாது. அப்போது இருந்தது உச்சியில் இருக்கும் சிறு பகுதி மட்டுமே. முற்றுகையில் கற்ற பாடத்தைக் கொண்டு, 1762 முதல் குன்றையே கோட்டையாக மாற்றியவர், போக்காகிராந்தேயை மூடிய அதே அரேவாலோதான். ஆகவே வெர்னானின் படை இந்தச் சுவரில்தான் மோதியது என்று யாரேனும் கீழ்ச்சரிவைக் காட்டினால், கண்களை மேலே உயர்த்தி உச்சியைப் பாருங்கள்.

கோட்டைக்குள் இருக்கும் சுரங்கப்பாதைகளைப் பற்றியும் ஒரு சொல். வீரர்கள் வெயிலிலும் குண்டிலும் படாமல் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குச் செல்லவும், பகைவர் ஒரு தளத்தைப் பிடித்துவிட்டால் அதன் அடியிலேயே வெடிமருந்து வைத்துத் தகர்க்கவும் அவை அமைந்தன. மிகத் தாழ்வானவை, புழுக்கம் மிகுந்தவை. முழங்கால் வலியோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் அவற்றுள் இறங்க வேண்டாம். கோட்டைக்கு ஏறும் சரிவுப் பாதை அகலமானது, படிகள் குறைவு. ஆனால் நிழல் என்பதே கிடையாது. முதல்முறை சென்றபோது நான் அளவெடுக்கும் ஆர்வத்தில் நண்பகல் 12 மணிக்கு உச்சிக்கு ஏறினேன். கார்த்தஹேனா வடக்கே 10.4 பாகையில், ஏறத்தாழ நம் புதுக்கோட்டையின் அட்சரேகையில் இருக்கிறது, வெயில் நமக்குப் புதிதா என்று நினைத்தேன். நமக்குப் பழக்கமான வெயில்தான். ஆனால் நான்கு பக்கமும் வெளிர்நிறக் கல் சூழ, அது மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கும், கடற்காற்றின் ஈரம் வியர்வையைக் காயவிடாது. தலைசுற்றி ஒரு காவற்கூண்டின் உள்ளே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனவே கோட்டைக்குச் செல்வதென்றால் கப்பலிலிருந்து இறங்கிய உடனே செல்லுங்கள், 10 மணிக்குள் இறங்கிவிடுங்கள். தாயாரால் ஏற முடியாது என்று தோன்றினால் கோட்டையை விட்டுவிடுவதில் தவறே இல்லை. அடிவாரத்தில், லெசோவின் சிலை இருக்கும் இடத்தில் நின்று ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்தாலே அதன் அமைப்பு விளங்கிவிடும். உச்சியில் கிடைப்பது பெரும்பாலும் நகரின் காட்சி மட்டுமே.

எதையும் விட்டுவிடக் கூடாதென்றால் அது மதில்தான். மதில் என்றவுடன் ஏறுவது கடினம் என்று எண்ண வேண்டாம். பீரங்கிகளைச் சக்கரத்தில் வைத்து உருட்டி ஏற்ற வேண்டியிருந்ததால், பல இடங்களில் படிக்குப் பதிலாக மென்மையான சாய்தளங்களே இருக்கின்றன. தாயார் கைத்தடியோடு மெதுவாக நடந்தே ஏறிவிடலாம். வடகிழக்கு மூலையில் லாஸ் போவெதாஸ் என்ற கட்டடம் இருக்கிறது. 23 வளைவு அறைகள் கொண்ட இது 1790-களில் அரேவாலோ கட்டியது, மதில் வேலையின் கடைசிக் கட்டம். படைக்கான இருப்பிடமாகவும் கிடங்காகவும் கட்டியதைப் பிற்காலத்தில் சிறையாகவும் பயன்படுத்தினார்கள். இன்று கைவினைப் பொருள் கடைகள். அங்கே மதிலில் ஏறி, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு சாந்தோ தொமிங்கோ கொத்தளம் வரை நடப்பது போதுமானது. ஜனவரியில் வடகிழக்கிலிருந்து காற்று பலமாக வீசும், மழை இராது. இன்று மதிலுக்கும் கடலுக்கும் இடையே அகன்ற சாலை ஓடுகிறது. அன்று அலைகள் மதிலிலேயே மோதின, பகைவரைவிட மதிலை அதிகம் இடித்தது கடல்தான்.

நடக்கும்போது ஓரிடத்தில் நின்று, மதிலின் கல்லை ஒரு முழத் தொலைவிலிருந்து பாருங்கள். சில கற்களில் மூளையின் மடிப்புகளைப் போன்ற வரிகள் தெரியும், சிலவற்றில் தேன்கூட்டைப் போன்ற சிறு கண்கள் தெரியும். அது பவளப்பாறை, யாழ்ப்பாணத்தார் முருகைக்கல் என்று அழைப்பது. யாழ்ப்பாணக் கோட்டையிலும் மன்னார்க் கோட்டையிலும் இதே கல்லைக் காணலாம். இந்தக் கல் வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றில் காயக் காய இறுகும். நுண்துளைகள் நிறைந்ததாகையால் எடை குறைவு, பீரங்கிக் குண்டு பட்டால் சில்லுச் சில்லாகச் சிதறாமல் நசுங்கி வாங்கிக்கொள்ளும். அதே நுண்துளைகள்தாம் அதன் நோய்க்கும் காரணம். கடலுப்பு துளைகளுக்குள் புகுந்து, ஈரம் காயும்போது படிகமாக வளர்ந்து, கல்லின் மேற்பரப்பை உள்ளிருந்தே தள்ளும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தையும் உப்பையும் வெளியே விட்டுவிடும்; காரைதான் உதிரும், கல் பிழைத்துக்கொள்ளும். சிமெண்ட் பூசினால் உப்பு உள்ளே அடைபட்டு, பூச்சு அப்படியே நிற்க, பின்னால் இருக்கும் கல் மாவாகும். இருபதாம் நூற்றாண்டில் சிமெண்ட் வைத்துப் பூசிய இடங்களை மதிலில் நீங்களே கண்டுபிடிக்கலாம்: சாம்பல்நிறப் பட்டை துருத்திக்கொண்டு நிற்கும், அதைச் சுற்றியிருக்கும் கல் விரல் ஆழத்துக்கு உள்வாங்கியிருக்கும். விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டாம், பார்த்தாலே போதும்.

சாந்தில் காளையின் இரத்தம் கலந்தார்கள், அதனால்தான் மதில் இவ்வளவு உறுதி என்று வழிகாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முட்டை, வெல்லம், கடுக்காய், இரத்தம் என்று ஏதோ ஒன்றைப் பற்றிய இத்தகைய கதை பழைய கட்டடங்கள் பலவற்றுக்கும் உண்டு, சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் பல கிலோமீட்டர் நீள மதிலுக்கு இரத்தம் கலப்பது என்பது நடைமுறைக்கு ஒவ்வாதது, உறுதிக்கு அது தேவையும் இல்லை. சுட்ட சுண்ணாம்பு, மணல், செங்கல் தூள் ஆகியவை சேர்ந்த சாந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது; அந்த இறுக்கத்துக்குக் காலம் ஒன்றே போதும். ஸ்பெயின் மன்னர் தம் அரண்மனைச் சாளரத்தில் தொலைநோக்கியோடு நின்று, இவ்வளவு செலவழித்த மதில் இங்கிருந்தே தெரிய வேண்டுமே என்று தேடினார் என்ற கதையையும் கேட்பீர்கள். வேறு சில ஸ்பானியக் கோட்டைகளைப் பற்றியும் அதே கதை சொல்லப்படுகிறது. கதையாக ரசிக்கலாம், வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மதில் முழுமையாக நிற்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஏறத்தாழ 1880 முதல் 1924 வரை, நகர விரிவாக்கத்துக்காக அதன் பல பகுதிகளை இடித்தார்கள். உள்ளூர் வரலாற்றாசிரியர்கள் அதை மதிற்கொலை என்ற பொருள்பட ஒரு சொல்லால் குறிக்கிறார்கள். படங்களில் நகரின் அடையாளமாக வரும் மணிக்கூண்டும் முழுவதும் பழையது அல்ல. அடியிலிருக்கும் வாயில் ஸ்பானியர் காலத்தது. மேலே உயர்ந்து நிற்கும் மஞ்சள்நிறக் கூண்டு, லூயிஸ் ஃபெலிப்பே ஹாஸ்பே என்பவர் வரைந்து 1888-இல் எழுந்தது. இதைச் சொல்வது அழகைக் குறைப்பதற்காக அல்ல; எந்தக் கல் எந்தக் காலத்துக் கல் என்று தெரிந்து பார்ப்பதில் தனி நிறைவு இருக்கிறது.

அந்த வாயிலைக் கடந்ததும் வரும் முக்கோண வடிவச் சதுக்கத்தில் தயவுசெய்து சற்று நில்லுங்கள். பிளாசா தெ லோஸ் கோச்சேஸ் என்று இன்று பெயர், வண்டிகள் நிற்கும் சதுக்கம் என்று பொருள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மனிதர்களை விற்ற சந்தை இதுதான். ஸ்பானிய அமெரிக்காவில் அடிமைகளை இறக்க அரசு அனுமதித்த முதன்மையான துறைமுகங்களில் கார்த்தஹேனா ஒன்று. நீங்கள் வியந்து நடந்த மதிலின் கற்களை வெட்டிச் சுமந்தவர்களும், சுண்ணாம்புச் சூளையில் வெந்தவர்களும் பெரும்பாலும் அவர்களும் தண்டனைக் கைதிகளும்தான். வெள்ளியைக் காத்த ஏற்பாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இவர்களைப் பற்றிப் பேசாமல் விட்டால் நான் சொன்னது பாதி உண்மையாகவே இருக்கும்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் சான் பேத்ரோ கிளாவெர் தேவாலயமும் மடமும் இருக்கின்றன. உங்கள் தாயாருக்கு நண்பகல் நேரத்தைக் கழிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. உள்முற்றத்தில் மரநிழலும் உட்கார இடமும் உண்டு. ஸ்பெயினின் கத்தலோனியாவில் பிறந்த இயேசு சபைத் துறவியான பேத்ரோ கிளாவெர் 1610-இல் இங்கு வந்தார், 1654-இல் இங்கேயே இறந்தார், 1888-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அடிமைக் கப்பல் வந்தவுடன் படகில் சென்று, அதன் அடித்தளத்தில் நோயிலும் மலத்திலும் கிடந்தவர்களுக்குத் தண்ணீரும் எலுமிச்சையும் மருந்தும் கொடுத்தார். என்றென்றும் கறுப்பர்களின் அடிமை என்று 1622-இல் தம் துறவற உறுதிமொழியில் கையெழுத்திட்டார். அவர் மூன்று இலட்சம் பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. அது கணக்கெடுத்த எண் என்று கொள்ள வேண்டாம். ஆவணம் உறுதியாகச் சொல்லும் வேறொன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கப்பலில் வந்தவர்கள் பேசிய பல மொழிகள் கிளாவெருக்குத் தெரியாது. அவரோடு ஆப்பிரிக்க மொழிபெயர்ப்பாளர்கள் சென்றார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர்களும் அடிமைகளே, அவர்களுக்கு உரிமையாளர் கிளாவெர் சார்ந்திருந்த இயேசு சபையின் கல்லூரியே. அங்கோலாவைச் சேர்ந்த அந்திரேஸ் சக்காபூச்சே அவர்களில் ஒருவர். கிளாவெர் இறந்த பிறகு, அவரைப் புனிதராக்கும் விசாரணையில் சக்காபூச்சேயும் தோழர்களும் சாட்சி சொன்னார்கள். கப்பலின் அடித்தளம் எப்படி இருந்தது என்று நாம் இன்று அறிவதில் பெரும்பகுதி அந்தச் சாட்சியத்திலிருந்து வந்தது. பலிபீடத்தின் கீழே கண்ணாடிப் பேழையில் புனிதரின் எலும்புகள் இருக்கின்றன. அவற்றின் முன் நிற்கும்போது சக்காபூச்சேயையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணை மன்றத்தின் மாளிகை அருகிலேயே இருக்கிறது. கத்தோலிக்க நெறியிலிருந்து விலகியதாகக் குற்றம் சாட்டியவர்களை விசாரித்துத் தண்டித்த ஸ்பானிய மதவிசாரணை மன்றம் 1610-இல் இங்கே அமைந்தது. இன்று நிற்கும் கட்டடம் அதற்கு வெகுகாலம் பின்பு, 1770-இல் முடிந்தது. அதன் நுழைவாயிலின் கற்சிற்ப வேலை அழகானது, ஆனால் உள்ளே வைத்திருக்கும் சித்திரவதைக் கருவிகள் பெரும்பாலும் பிற்காலத்தில் செய்த மாதிரிகள். நேரம் குறைவாக இருப்பவர்கள் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

தெருக்களில், பல வண்ணப் பாவாடை அணிந்து, தலையில் பழத்தட்டை வைத்த பெண்களைக் காண்பீர்கள். அவர்களைப் பாலென்கேராக்கள் என்பார்கள். சுற்றுலாவுக்காக வேடமிட்டவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உடை இன்று சற்று மிகைப்பட்டிருக்கலாம், மனிதர்கள் உண்மையானவர்கள். நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் சான் பாசிலியோ தெ பாலென்கே என்ற ஊர் இருக்கிறது. பெங்கோஸ் பியோஹோ என்பவரின் தலைமையில் கார்த்தஹேனாவிலிருந்து தப்பிய அடிமைகளின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். பியோஹோவை ஸ்பானிய ஆட்சி 1621-இல் தூக்கிலிட்டது, மக்கள் அடிபணியவில்லை. ஸ்பானியச் சொற்களும் காங்கோ பகுதி மொழிகளின் கூறுகளும் கலந்த தனிமொழி ஒன்றை அவர்கள் இன்றும் பேசுகிறார்கள், 2005-இல் யுனெஸ்கோ அவர்களுடைய பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. படம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் கேளுங்கள், பழம் வாங்குங்கள் அல்லது பணம் கொடுங்கள்; அது அவர்களின் பிழைப்பு. நேரம் மீந்தால் மதிலுக்குத் தெற்கே உள்ள ஹெத்செமனி பகுதிக்குப் போகலாம். கைவினைஞர்களும் விடுதலை பெற்ற கறுப்பர்களும் வாழ்ந்த இடம் அது. 1811 நவம்பர் 11 அன்று பேத்ரோ ரொமேரோவின் தலைமையில் இங்கிருந்து திரண்ட மக்கள்தான் ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலையை அறிவிக்கச் செய்தார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். 6 மணிக்கு மேல்தளம். துறைமுகம் மாங்கா தீவில் இருக்கிறது. அங்கிருந்து கோட்டையும் நகரமும் வாடகைக் காரில் சில நிமிடத் தொலைவுதான். கார்களில் மீட்டர் இல்லை, ஏறுவதற்கு முன்பே கட்டணம் பேசிவிடுங்கள். தாயாருக்கு உடல் இடம் கொடுத்தால் 10 மணி வரை கோட்டை. இல்லையென்றால் நேராக லாஸ் போவெதாஸ் சென்று, வெயில் ஏறுமுன் மதில்மேல் நடந்துவிடுங்கள். 11 மணிக்கு மேல் வெளியே நடப்பதைக் குறைத்து, கிளாவெர் மடத்தில் தங்குங்கள். 3 மணிக்கு மணிக்கூண்டுச் சதுக்கத்துக்கு வந்து, 4 மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுங்கள். மாலையில் பாலங்களில் நெரிசல் உண்டு. கோட்டையா நகரமா என்றால் என் விடை மதிலும் கிளாவெர் மடமும்தான், கோட்டை மூன்றாவது.

சைவ உணவில் சிறிது கவனம் தேவை. பீன்ஸ் குழம்பில் பன்றி இறைச்சியும், காய்கறி சூப்பில் இறைச்சிச் சாறும் இருப்பது வழக்கம். சின் கார்னே, சின் பெஸ்காதோ, இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சின் கால்தோ தெ கார்னே, இறைச்சிச் சாறும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். தெருவில் பொரிக்கும் அரேப்பா தெ உவேவோவுக்குள் முட்டை இருக்கும். தாயாருக்கு ஏற்றது தேங்காய்ச் சோறு. தேங்காய்ப்பாலை வற்றக் காய்ச்சி, எண்ணெய் பிரிந்து அடியில் பழுப்பு நிறத்தில் கசடு பொரியும் வரை விட்டு, அதில் அரிசியை வேகவைக்கிறார்கள். நம் தேங்காய்ச் சாதத்தைவிடக் கருமையாக, சற்று இனிப்பாக இருக்கும். அதனோடு நசுக்கிப் பொரித்த வாழைக்காய்த் துண்டுகளும் கிடைக்கும். மணிக்கூண்டுக்கு எதிரே வளைவுகளின் கீழ் இனிப்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பெரிய கண்ணாடிக் குடுவைகளில் தேங்காய் மிட்டாயும் சர்க்கரையில் புரட்டிய புளி உருண்டைகளும் வைத்திருப்பார்கள். மீட்டர் இல்லாத காரைப் பிடிக்கும் முன் புளி உருண்டை கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் மாலையில் போக்காச்சிகாவைக் கடக்கும்போது தாயார் மேல்தளத்தில் உட்கார்ந்து தின்னலாம்.